சோதனைக்குப் போட்ட இத்தாலிப் பாட்டு

காதர் பாய் இறந்த செய்தி எனக்குப் பஸ்ஸில் வந்தது. மகள் கயலுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வலங்கைமான் கடைத்தெருவில் வண்டி நின்றபோது கண்டக்டர் என் பக்கம் குனிந்து, “டீச்சர், மைக் செட் பாய் மௌத்தாயிட்டாராம். மத்தியானம் லுகர் தொழுகை முடிஞ்சதும் எடுக்குறாங்களாம்,” என்றார். மடியில் பிள்ளை கொதித்துக்கொண்டிருந்தது. இறங்கினால் எங்கள் ஊருக்கு அடுத்த வண்டி சாயங்காலம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ‘நிலா சவுண்ட் சர்வீஸ்’ என்று ஒரு காலத்தில் பலகை தொங்கிய சந்தில் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. விசில் ஊதிவிட்டார்கள்.

பிள்ளைக்கு உடம்பு தேறி நான் உட்கார்ந்து எழுதுவதற்குள் நீங்கள் எல்லாரும் எழுதிவிட்டீர்கள். சுவரொட்டி ஒட்டியாயிற்று. இரங்கல் கூட்டம் நடத்தியாயிற்று. நினைவு மலருக்குக் கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன என்று சங்கத்தின் வட்டச் செயலாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனவே இது கடைசியாக வருகிற கட்டுரை. படிக்கிறவர்களுக்குப் பிடிக்காத கட்டுரையாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். காதர் பாயைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். இந்த மலரை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

வெளியூரிலிருந்து யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்துல் காதர் வலங்கைமானில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கட்சிப் பொதுக்கூட்டம், விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம், எதுவானாலும் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டுவார். இறங்கி வந்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வயல் வரப்பில் தூரமாக நடந்து போவார். சத்தம் எங்கே உடைகிறது, எங்கே தேய்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து குழாயைச் சரிசெய்வார். எல்லா ஊரிலும் எல்லா விசேஷத்துக்கும் அவர் முதலில் போட்டது ஒரே பாட்டு. அது இத்தாலிப் பாட்டு.

அவருடைய மச்சான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி எங்கெங்கோ சுற்றியவர். இத்தாலியில் ஏதோ துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கிவந்த சின்ன இசைத்தட்டு அது. நடுவில் ஓட்டை பெரியது. நம் ஊர்ப் பெட்டியில் நிற்கவில்லை. காதர் பாய் புளியங்கட்டையில் ஒரு வில்லை செதுக்கி அதில் பொருத்திக்கொண்டார். உறையில் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு குட்டைமுடிப் பெண் நின்றாள். அவளைப் பார்த்து அவர் மனைவி ஜமீலா அக்கா, “இவளையும் சேத்துதான் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டதும், அதற்கு இவர், “இவ சோறு கேக்க மாட்டா, அதான்,” என்றதும் கடைத்தெருவில் பலருக்குத் தெரியும். மழையில் நனைந்து நனைந்து தட்டின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு உரிந்துவிட்டது. பாட்டின் பெயர் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஏன் அந்தப் பாட்டு என்று நான் ஒருமுறை கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். “மொதல்ல முணுமுணுப்பா ஆரம்பிக்கிறா. போகப்போகக் கதறுறா. சன்னமும் உச்சமும் ஒரே பாட்டுல இருக்கு. செட்ட சோதிக்கிறவனுக்கு வேற என்ன வேணும்?” இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உங்களுக்கு நினைவிருக்கும். கட்சி உடைந்த வருஷத்தில் ஒரு நடிகரின் பாட்டைப் போட்டால் ஒரு கட்சிக்காரன் அடித்தான், இன்னொரு பாட்டைப் போட்டால் அடுத்த கட்சிக்காரன் அடித்தான். பக்திப் பாட்டு போட்டால் சங்கத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு கூட்டத்தில் முதல் பாட்டு தப்பாகிப்போய்க் கல் பறந்து ஒரு குழாய் நசுங்கியது. அன்றைக்கு முடிவுசெய்தாராம். “மொத பாட்டு எவனுக்கும் புரியக் கூடாது. புரிஞ்சா ஒதைக்கிறான்.”

இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் போராளி இல்லை. போராளி என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவர் தொழில்காரர்.

என் கல்யாணம் எங்கள் தெருவில் நடந்தது. எங்கள் தெரு என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை செல்வராசு, சங்கத்தின் கிளைச் செயலாளர். பெண் பி.ஏ. படித்தவள் என்பதால் சுற்றுப்பட்டுக் கூலிக்காரக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. காதர் பாய் தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டைப் போட்ட சிறிது நேரத்தில் மிராசுதார் வீடான மேலப்பண்ணையின் காரியக்காரர் வந்துவிட்டார்.

“என்ன பாய், குழா எங்க தெருவப் பாத்து இருக்கு?”

“குழா ஆத்தப் பாத்துதாங்க இருக்கு. சத்தந்தான் உங்க தெருவுக்குப் போவுது. அத நான் எப்படிங்க கயித்தக் கட்டி இழுக்குறது?”

“திருப்புய்யான்னா திருப்பு.”

சிரித்தவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். காதர் பாய் மரத்தில் ஏறித் திருப்பினார். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்சந்தான் திருப்பியிருக்கேன் தங்கச்சி. கோவிச்சுக்காத. நாளைக்கு அந்த வீட்டுக்கும் நான்தான் கட்டணும்,” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் செய்ததை மறைக்காமல் மணப்பெண்ணிடம் வந்து சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை நான் மறக்கவில்லை. அன்று முதல் அவர் எனக்கு அண்ணன்.

கயல் வயிற்றில் இருந்தபோது கன்னியர் மருத்துவமனைக்குக் காட்டப் போவேன். துணைக்கு ஜமீலா அக்கா வருவார். அங்கே சிஸ்டர் அன்னா என்று ஒரு வயதான இத்தாலிக்காரர் இருந்தார். இதைக் கேள்விப்பட்டதும் காதர் அண்ணனும் கிளம்பிவிட்டார். பாட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். “இத்தன வருஷமா எனக்குச் சோறு போடுறா. என்ன சொல்றான்னாவது தெரிஞ்சுக்க வேணாமா,” என்றார்.

நோயாளிகள் உட்காரும் பெஞ்சியின் மேல் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டதும் சிஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. பாட்டு முடிந்ததும், லீவில் ஊருக்குப் போயிருந்த வருஷம் கடைகளில், பஸ்ஸில், எங்கே போனாலும் இதுதான் பாடிக்கொண்டிருந்தது என்றார். அவருடைய தமிழ் எப்போதும் மெதுவாக வரும். “அவளோட ஆளு வடக்கே ஃபாக்டரிக்கு வேலைக்குப் போயிட்டான். இவ சொல்றா, ராத்திரி வந்தா கதவு தட்ட வேணாம், நான் தாப்பா போடல, வா, அப்படின்னு. அவ்வளவுதான். காதல் பாட்டு.”

“அதுக்கா இந்தக் கத்து கத்துறா?” என்று கேட்டார் ஜமீலா அக்கா.

அதற்கும் சிஸ்டரிடம் பதில் இருந்தது. பாடின பெண் அவருடைய பக்கத்து ஊர்க்காரி. அந்தப் பிரதேசம் முழுக்க நெல் வயல். நாங்கள் நம்பவில்லை. இத்தாலியில் நெல்லா என்று அண்ணன் கேட்டார். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று களையெடுக்க ரயில் ரயிலாகப் பெண்கள் வருவார்கள் என்றார் சிஸ்டர். பாடகியின் அம்மா அப்படி வந்து களையெடுத்தவர். வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லி அந்தப் பெண்கள் ஒரு காலத்தில் தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்திருக்கிறார்கள். மகள் கடற்கரை ஊரில் ஒரு பாட்டுப் போட்டிக்குப் போய் இந்தப் பாட்டைப் பாடினாள். பரிசு கிடைக்கவில்லை. வயலுக்கு அந்தக் கரையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல் இது, காதலுக்கு ஆகாது என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்களாம். பிறகு ஜனங்களே அதைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

காதர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கூலி என்னவாம்?” என்றார். பணத்தோடு அரிசியும் அளந்து கொடுப்பார்கள் என்று சிஸ்டர் சொன்னார். “அளக்குற ஆளு நம்ம ஊருக்காரன்தானான்னு கேளு தங்கச்சி,” என்றார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சிஸ்டருக்கு அது உடனே புரிந்துவிட்டது.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு அண்ணன் இறங்கும்போது, “புரியாம இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆவணியில் குறுவை அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு முற்றியது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைகள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார்கள். நம் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். கூட்டம் போடக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது. கூட்டம் எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, தயாராக இருங்கள் என்பது மட்டும்தான் கிளைகளுக்குச் சொல்லப்பட்டது. பாட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் கிளைச் செயலாளர். அவருக்குத் தெரியாமல் எங்கள் ஊருக்கு ஒரு தகவலும் வராது.

ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சங்கக் கூட்டம் அறிவித்த நேரத்துக்கு ஒருநாளும் தொடங்கியதில்லை. தலைவர்கள் கடைசி பஸ்ஸில் வருவார்கள். ஆகவே வயலிலிருந்து வந்தவர்கள் குளிப்பார்கள், பெண்கள் உலை வைப்பார்கள், பிள்ளைக்கு ஊட்டுவார்கள். இத்தாலிக்காரி குரல் கேட்ட பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். “பாட்டு போட்டாச்சா?” என்பதுதான் எல்லாத் தெருவிலும் கேள்வி. கல்யாணம், காதுகுத்து என்றால் யார் வீட்டில் என்று முன்னாலேயே தெரிந்திருக்கும். பந்தல் போடுவதும் வாழை கட்டுவதும் நம் ஆட்கள்தானே.

வேலைநிறுத்த வாரத்தில் மேலப்பண்ணை வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நம் ஆட்கள் யாரும் அந்த வாசலுக்குப் போகவில்லை. பந்தல் போட்டது லாரியில் வந்தவர்கள். அதனால் அந்த வீட்டில் விசேஷம் என்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது. காதர் அண்ணன் வழக்கம்போலப் போனார், குழாய் கட்டினார், அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்க வரப்பில் நடந்தார்.

சுற்றுவட்டாரத் தெருக்களிலிருந்து சத்தம் வந்த பக்கமாக ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். கூட்டம் என்று நினைத்துக்கொண்டு குளித்து, தலைவாரி, சலவை வேட்டி கட்டி, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சில பெண்களின் இடுப்பில் கதிரரிவாள் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். என் வீட்டு வாசலில் நின்று நானே பார்த்தேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, “கூட்டம் கிடையாதே, எங்க போறாங்க?” என்று கேட்டுக்கொண்டே கை கழுவாமல் ஓடினார். ஜனங்களை முந்திப்போய் மேலப்பண்ணை வாசலுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, “திரும்புங்க, திரும்புங்க,” என்று கத்தினார். முன்னால் நின்று கையை விரித்தவர்தான் கூட்டத்தை நடத்தி வந்தவர் என்று பின்னால் போலீஸ் எழுதியது.

வரப்பில் நின்ற காதர் அண்ணன் நாலு பக்கமும் ஆட்கள் வருவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஊசியைத் தூக்கினார். பாட்டு நடுவில் நின்றதும் வந்துகொண்டிருந்தவர்கள் போலீஸ் கூட்டத்தை நிறுத்திவிட்டது என்று நினைத்து வேகமாக ஓடிவந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார்கள். அறுப்புக்குக் காவலாக வந்து தங்கியிருந்த போலீஸ் தடியை எடுத்தது. பிள்ளையோடு பெண்கள் சேற்றில் விழுந்தார்கள். என் மாமனாரின் கை அன்றைக்கு ஒடிந்தது. இன்றைக்கும் அது நேராக இல்லை. என் கணவரையும் மற்றவர்களையும் வேனில் ஏற்றினார்கள். மைக் செட்டையும் ஏற்றினார்கள். ஆம்ப்ளிபையர், குழாய்கள், இசைத்தட்டு, புளியங்கட்டை எல்லாம்.

ஸ்டேஷனில் நடந்ததைக் காதர் அண்ணனே எனக்குச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“யாருய்யா அந்தப் பாட்டப் போடச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. நானா போட்டேன். சோதனைக்கு.”

“ஊர்ல வேற பாட்டே இல்லையா? எதுக்கு வெள்ளக்காரி?”

“கொரலு நல்லா ஏறும்ங்க.”

“என்ன சொல்றா அதுல?”

இந்த இடத்தில் அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் தெரியாது என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். “கதவுக்குத் தாப்பா போடல, வான்னு கூப்புடுறாங்க,” என்று சொல்லியிருக்கிறார்.

“பாத்தியா. வான்னு கூப்புடுறா. அதான் வந்தானுங்க.”

பாடினவள் யார் என்று அடுத்த கேள்வி. களையெடுத்தவள் மகள், அவர்களும் மறியல் செய்தவர்கள் என்பதுவரை வாங்கிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு பேரம். சங்கச் செயலாளர் செல்வராசு சொல்லித்தான் போட்டேன் என்று ஒரு வாக்குமூலம் கொடு, செட்டை நாளைக்கே எடுத்துக்கொண்டு போ. கொடுக்காவிட்டால் நீயும் உள்ளே. அண்ணன் எதற்கும் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர்களாகவே ஒன்றை எழுதிக்கொண்டு, அவரை அரசுத் தரப்புச் சாட்சியாகப் போட்டுவிட்டார்கள். செட் வழக்குப் பொருளாக உள்ளே போய்விட்டது.

இனி வருவது உங்களில் சிலருக்குக் கசக்கும். பல மாதங்களுக்குப் பிறகு வழக்கு விசாரணைக்கு வந்தபோது கயல் கைக்குழந்தை. என் கணவர் ஜாமீனில் வெளியே இருந்தார். தண்டனை கிடைத்தால் சில வருஷம் உள்ளே, என் பள்ளிக்கூட வேலைக்கும் ஆபத்து. பால் கொடுத்துக்கொண்டே ராப்பகலாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் தடை நீங்கி நடந்த முதல் பொதுக்கூட்டத்தில் வட்டச் செயலாளர் பேசினார். “இத்தாலியில் களையெடுத்த பெண்களின் போர்க்குரல் நம் வயலில் ஒலித்தது, அது கேட்டுத் திரண்டது நம் படை,” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு போலீஸ்காரர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைத்தான் அரசு வக்கீல் கோர்ட்டில் வாசித்தார். திட்டமிட்ட அழைப்பு என்பதற்குச் சங்கமே சொன்ன சாட்சி. எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது காதர் அண்ணன் ஒருவர்தான். சாட்சி சொல்ல வரும் அன்று காலையில்கூட அவரிடம் ஆள் போயிருக்கிறது. செட்டைச் சுத்தமாகத் துடைத்துவைத்திருக்கிறோம், ஒரு வார்த்தைதான், என்று. அவருக்கு வேறு சொத்து கிடையாது. பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் பங்கு, வெளிநாட்டில் தம்பி என்றெல்லாம் அவருக்கு எதுவும் இல்லை. அந்தப் பெட்டியும் குழாய்களும்தான்.

கூண்டில் ஏறி அல்லா மேல் ஆணையிட்டார். யார் சொல்லிப் பாட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். “யாரும் சொல்லலீங்க. சோதனைக்கு நானா போட்டேன். அவங்க பழக்கத்துல வந்துட்டாங்க. கூட்டம்னு நெனச்சுட்டாங்க.” அரசு வக்கீல் அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டுக் குடைய ஆரம்பித்தார். சோதனைக்கு என்றால் எல்லா இடத்திலும் இதையே போடுவாயா என்று கேட்டார். “ஆமாங்க. செட்டு உள்ள போறதுக்கு முந்துன தை மாசம் உங்க தங்கச்சி கல்யாணத்துலயும் இதத்தாங்க போட்டேன். அங்க யாரும் ஓடி வரல,” என்றார் அண்ணன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். என் கணவரும் மற்றவர்களும் விடுதலையானார்கள்.

செட் வரவில்லை. அப்பீல் காலம் முடியட்டும் என்றார்கள். பிறகு ஆர்டர் வரவில்லை என்றார்கள். பிறகு பொருள் இருக்கும் அறையின் சாவி மாற்றலாகிப் போனவரிடம் இருக்கிறது என்றார்கள். அண்ணன் நம் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தார். சந்து பொந்தெல்லாம் காதர் பாயின் மைக்கைப் பிடித்துப் பேசித்தான் அவர் அந்த நாற்காலிக்குப் போனார். “கேஸ்ல மாட்டுன பொருளு பாய், நான் சொன்னா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறழ்சாட்சி ஆனவரை மிராசுதார்கள் கூப்பிடவில்லை. இரவல் செட் வாங்கியாவது கட்டுகிறேன் என்று அவர் கேட்டபோது சங்கமும் கூப்பிடவில்லை. அதற்கு வட்டச் செயலாளர் என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு சொன்ன காரணம் இது: “ஜனங்க போராட வந்தாங்கன்னு சொல்லாம, பழக்கத்துல வந்தாங்கன்னு கோர்ட்ல சொல்லிட்டாரும்மா. போராட்டத்தையே கொச்சப்படுத்திட்டாரு.” அவர் சொன்ன அந்த வார்த்தையால்தான் இவர் இங்கே இருக்கிறார் என்று கணவரைக் காட்டிச் சொன்னேன். “சட்டப்படி சரிதான். அரசியல்படி யோசிக்கணும்,” என்றார். சங்கம் கும்பகோணத்தில் புது செட் வாங்கிக்கொண்டது.

அதன் பிறகு அவர் ஒரு தையல்கடை வாசலில் மேசை போட்டு டிரான்சிஸ்டர் ரிப்பேர் பார்த்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு எதிர்ச்சாரியில் போயிருப்பீர்கள். நெஞ்சுச் சளி எப்போதும் இருந்தது. அவர் நம்மைத் திட்டி நான் கேட்டதில்லை. ஒருமுறை சங்கக் கூட்டத்தின் புதுக் குழாய் கரகரவென்று உடைந்து கேட்டபோது, “மரத்துல ஏத்த எறக்கமா கட்டிட்டான். யார்ட்டயாவது சொல்லு தங்கச்சி,” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன குறை.

இரங்கல் கூட்டத்துக்கு வருவோம். ஆளுயரப் படம். ‘வயல்வெளியில் புரட்சிக் குரலை ஏவிய தோழர்’ என்று கீழே எழுத்து. உயிரோடு இருந்தவரை அவரை யாரும் தோழர் என்று கூப்பிட்டதில்லை. பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வட்டச் செயலாளர் பேசினார். தடை உத்தரவைக் கிழித்தெறிய, சங்கத்தின் கட்டளையை ஏற்று, எதிரியின் வீட்டுப் பந்தலிலேயே நின்று துணிச்சலாக அந்த அழைப்பை ஒலிக்கவிட்டாராம் காதர். நீங்கள் மறுபடியும் கைதட்டினீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் கண் கலங்கியது.

கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாக் காலம் ஜமீலா அக்காவுக்கு முடியவில்லை, அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் உங்கள் குழாய் அவர் வீட்டுச் சந்துவரை கேட்டது. மறுநாள் கயலைத் தூக்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்தேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காச்சல் விட்ருச்சா?” என்று கேட்டார். 

“டீச்சர், அவரு கோர்ட்டுல யாரும் சொல்லலன்னுதானே சொன்னாரு?”

“ஆமாக்கா.”

“அல்லா மேல சத்தியம் பண்ணித்தானே சொன்னாரு?”

“ஆமாக்கா. நான் இருந்தேன்.”

“இப்ப இவங்க சொல்லித்தான் போட்டாருன்னு பேசுறாங்க. அப்ப அவரு பண்ணுனது பொய்ச் சத்தியம்னு ஆயிடாதா? கபுருல இருக்குற மனுசன் மேல இத ஏத்துறாங்களே. அவரு எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல முடியுமா?”

  கயல் அவருடைய துப்பட்டியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். “ஊர்ல பாக்குறவங்க எல்லாம் உங்க வீட்டுக்காரரு பெரிய வீரராமேங்குறாங்க,” என்றார் அக்கா. “அவரு வீரரா இல்லாட்டியும் பரவால்ல. பொய் சொல்லாதவரா இருக்கட்டும். நீங்க எழுதுறவங்க. எழுதுங்க.”

அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கட்டிய கதையில் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். செத்தவருக்குப் புகழ், சங்கத்துக்கு வரலாறு. அந்த வரலாற்றில் ஒரு மனிதர் தன் இறைவனின் பேரால் கோர்ட்டில் பொய் சொன்னவர் ஆகிறார். தன் பிழைப்பு முழுவதையும் கொடுத்து அவர் வாங்கியது அந்த ஒரு உண்மையைத்தான். அதையும் மாலை போட்டு எடுத்துக்கொண்டீர்கள்.

கூட்ட மேடையில் என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை, அதை நான் பார்த்தேன். எழுந்து மறுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “இரங்கல் கூட்டத்துல எப்படி எந்திரிச்சு இல்லங்குறது? இப்ப வேணாம்,” என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். இரண்டு முறை கதவருகில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

நான் எழுதப்போவதைக் கேள்விப்பட்டு வட்டச் செயலாளரும் ஆள் அனுப்பினார். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், சோதனைக்குப் போட்டார் என்பதை மட்டும் அழைப்பாகப் போட்டார் என்று மாற்றிக்கொடுங்கள், மலருக்கு ஒரே குரல் இருக்க வேண்டும் என்கிறார். மாற்ற மாட்டேன். இதைப் போடுவதானால் இப்படியே போடுங்கள். போடாவிட்டால் ஜமீலா அக்காவுக்கு நானே போய் வாசித்துக் காட்டுவேன்.

காதர் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவர் கூண்டில் நின்று சொன்ன அந்தச் சில வார்த்தைகளை மட்டும்தான். யாரும் சொல்லல, நானா போட்டேன். கயல் வளர்ந்து, யார் அந்த மாமா என்று கேட்டால், மைக் செட் போட்டவர், உன் அப்பாவை வீட்டுக்கு அனுப்பியவர், பொய் சொல்லாதவர் என்று சொல்வேன். வீரர் என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.